பழைய .303 துவக்குக்குக் குறி சரிபார்ப்பது: 25 யாரிலிருந்து 300 யார் (கஜம்) வரை

ஸ்காபரோவில் இருக்கும் என் சித்தியின் மகன் போன கோடையில் லீ-என்ஃபீல்ட் என்ற பழைய பிரித்தானிய இராணுவத் துவக்கு ஒன்று வாங்கினான். நம்பர் 4 மார்க் 1*, 1943 இல் லோங் பிராஞ்சில் செய்தது. அந்தத் தொழிற்சாலை டொரொண்டோவுக்கு மேற்குப் பக்கம்தான் இருந்தது. அனுமதிப்பத்திரம், சுடுதள உறுப்புரிமை எல்லாம் ஒழுங்காக எடுத்துவிட்டு முதல்நாள் சுடப்போனவன், வெள்ளவத்தையில் நான் நித்திரையாக இருந்த நடுச்சாமம் ஒன்றரை மணிக்கு வட்ஸ்அப்பில் ஒரு படமும் ஒரு வரியும் அனுப்பினான்: "அண்ணா, துவக்கு பழுது. 100 யாரில் ஏழு அங்குலம் மேலே அடிக்குது, திருப்பிக் குடுக்கப்போறன்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து துளையும் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். நடுவிலிருந்து ஏழு அங்குலம் மேலே, மூன்று அங்குலம் இடப்பக்கம். "பழுது இல்லை தம்பி, அதைச் செய்தவர்கள் என்ன சொல்லிக்கொடுத்தார்களோ அதைத்தான் செய்கிறது" என்று எழுதிவிட்டு எழும்பி உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நான்கு மாதம் அவனுக்குத் துண்டு துண்டாக எழுதியதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஆட்களில் பலருக்கு வயிறு கலங்கும் என்பது எனக்குத் தெரியும், அதற்குக் காரணமும் தெரியும். நான் பாடசாலைக் கடேற்றாக தியத்தலாவை முகாமில், யுத்தம் தொடங்க முதல், இதே 'திரீ நொட் திரீ'யைத் தோளில் வைத்துக் கற்றவன். அதிலிருந்து இன்றுவரை இது எனக்குக் கண்ணும் மூச்சும் கணக்கும் சேர்ந்த ஒரு விளையாட்டு. இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் தாத்தாவின் பெட்டிக்குள் கிடந்தது என்று ஒன்றை வெளியில் எடுக்கவே கூடாது. இங்கே இருப்பவர்கள் பதிவுள்ள சங்கத்தின் மூலம், அனுமதிக்கப்பட்ட சுடுதளத்தில், பொறுப்பாளர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டப்படி. இதில் பேரம் பேச ஒன்றும் இல்லை.

பின்குறியில் இருக்கும் எண் யாருடைய எண்?

முதலில் இது விளங்கவேண்டும். விளங்காவிட்டால் மிச்சம் எல்லாம் வீண்.

குறி என்பது கண்ணால் ஒத்துப்பார்க்கும் இரண்டு துண்டு: கண்ணுக்குக் கிட்ட இருப்பது பின்குறி, குழலின் நுனியில் இருப்பது முன்குறி. நம்பர் 4 இன் பின்குறி இரண்டு விதமாக வரும். ஒன்று மடித்து நிமிர்த்துகிற எளிய வகை, இரண்டு துளை: 300 யார், 600 யார். மற்றது ஏணி மாதிரி நிமிரும் வகை, 200 யாரிலிருந்து 1300 யார் வரை கோடு போட்டது. அதில் மார்க் 1 என்பது திருகாணி சுற்றி ஏற்றி இறக்குகிற நுட்பமான ஒன்று. இதற்கு முந்திய லீ-என்ஃபீல்டான எஸ்எம்எல்இ, அதாவது 1907 இல் வந்த மார்க் 3, அதில் துளை இல்லை, குழலின் மேல் 'யு' வெட்டு, 200 முதல் 2000 யார் வரை. ஜேர்மன் துவக்கான கார்98கே 100 மீற்றரில் தொடங்கும். ரஷ்ய மோசின் 91/30 உம் 100 மீற்றரில்தான் தொடங்கும், ஆனால் அதைப் பயனெட் (குழல் நுனியில் மாட்டும் கத்தி) மாட்டிய நிலையில் குறி பிடித்து அனுப்பினார்கள். பயனெட்டைக் கழற்றிவிட்டு சுட்டால் ரவை வேறிடம் போகும்.

இந்த எண்கள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட ரவைக்காகப் போட்டவை. .303 க்கு அது மார்க் 7: 174 கிரெயின் எடையுள்ள குண்டு, விநாடிக்கு 2440 அடி வேகம். தம்பியின் துவக்கில் இருந்தது இரண்டு துளைப் பின்குறி. 300 துளைக்குள்ளால் பார்த்து 100 யாரில் சுட்டால் ரவை இன்னும் வளைவின் மேல்பக்கம் ஏறிக்கொண்டிருக்கும், ஏறக்குறைய ஏழு அங்குலம் மேலே நிற்கும். 200 யாரில் ஏழரை அளவு மேலே. பிறகு இறங்கி 300 இல் குறிக்கு வரும். ஒரு சிப்பாய் தூரத்தைக் கணக்குப் பார்க்காமல் எதிரே நிற்கிறவரின் நடுவைப் பார்த்துச் சுட்டாலும் எங்காவது படவேண்டும் என்பதற்காகச் செய்தது அது. நமக்கு வேண்டியது தாளில் ஒரு கறுப்பு வட்டத்தின் நடு.

போர் சம்பவம் ஒன்று சொல்கிறேன். 1900 இல் போயர் என்ற டச்சு வழிக் குடியேறிகளோடு நடந்த யுத்தத்துக்காகத் தென்னாபிரிக்காவுக்கு அனுப்பிய இம்பீரியல் யோமன்றி என்ற பிரித்தானியத் தொண்டர் குதிரைப்படைக்கு ஆயிரக்கணக்கில் புது லீ-என்ஃபீல்ட் கொடுத்தார்கள். குறி தவறாகப் பொருத்தியதால் 500 யாரில் 18 அங்குலம் வலப்பக்கம் போனது. அதே வருடம்தான் அங்கே பிடிபட்ட போயர் கைதிகளைக் கொண்டுவந்து தியத்தலாவையில் அடைத்தார்கள். நாங்கள் முகாமில் படுத்த அதே மலை. படைக்குப் புதிதாகக் கொடுத்ததே அப்படி என்றால், எண்பது வருடம் கை மாறி வந்த ஒன்றின் எண்ணை எப்படி அப்படியே நம்புவது? உங்கள் எண்ணை நீங்களே சுட்டுக் கண்டுபிடிக்கவேண்டும்.

சுடுமுன் மேசையில் செய்யவேண்டியது

துவக்குத் திருத்தும் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ் பார்க்கவேண்டும். .303 ரவைக்கு விளிம்பு உண்டு, அந்த விளிம்பு உட்காரும் இடைவெளிதான் அது. 0.064 அங்குல அளவியை வைத்தால் போல்ட் (ரவையைத் தள்ளிப் பின்பக்கத்தைப் பூட்டும் இரும்புத் தண்டு) மூடவேண்டும், 0.074 அளவியில் மூடக்கூடாது. நம்பர் 4 க்கு போல்ட் தலை 0 முதல் 3 வரை எண் போட்டு வரும், தேவையானதை மாற்றலாம். குழலின் துளைக்குள் வெளிச்சம் பிடித்து மசில் பக்கம், அதாவது குழல் வாய், தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் ஒரு ரவைகூடப் போடாதீர்கள்.

அப்புறம் மரம். லீ-என்ஃபீல்டில் முன்மரம், அதாவது குழலுக்குக் கீழே நீளும் மரப்பகுதி, சும்மா பிடிமானத்துக்கு இல்லை. நம்பர் 4 இல் மரத்தின் நுனி குழலைக் கீழிருந்து சில இறாத்தல் அழுத்தத்தோடு தாங்கி நிற்கும். குழலைத் தொடாமல் மிதக்கவிடவேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர்களின் துவக்குகளில் பிறகு ஒரு நாளும் கூட்டு (ரவைகள் தாளில் நெருங்கி விழும் தொகுதி) ஒழுங்காக விழுந்ததில்லை. கை வைக்காதீர்கள். ட்ரிகர் வளையத்துக்கு முன்னால் இருக்கும் பெரிய திருகாணி இறுக்கமா என்று மட்டும் பாருங்கள். அது அரைச் சுற்று தளர்ந்தாலே ரவை அங்கும் இங்கும் தெறிக்கும். கொழும்பு மாதிரி ஈரக்காற்றில் மரம் ஊதும், உலர்ந்த குளிரில் சுருங்கும். ஆகவே பருவம் மாறும்போது அந்த ஆணியை ஒருதரம் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ரவை ஒரே வகை, முடிந்தால் ஒரே பெட்டி இலக்கம். தம்பி முதல்நாள் 150 கிரெயின் வேட்டை ரவையும் 174 உம் கலந்து வைத்திருந்தான். இரண்டும் ஒரே இடத்தில் விழாது. 174 ஐ வைத்துக்கொண்டு மற்றதை விலக்கச் சொன்னேன்.

கடைசியாக, முன்குறியைக் கறுப்பாக்குங்கள். வெயிலில் அதன் நுனி மினுங்கினால் கண் ஏமாறும். எங்களுக்குப் பயிற்சி தந்த சார்ஜன்ட் ஐயா சட்டைப் பையில் ஒரு கட்டி கற்பூரம் வைத்திருப்பார். நிலத்தில் ஒரு மூடிக்குள் வைத்துக் கொளுத்தி, ரவை இல்லை என்று போல்டைத் திறந்து காட்டிவிட்டு, முன்குறியை அந்தப் புகைக்கு மேலே மூன்று நான்கு விநாடி பிடிப்பார். கரி வெல்வெட் மாதிரிப் படியும், ஒரு துளி மினுக்கம் இருக்காது. ரவைப் பெட்டி பக்கத்தில் இருக்கக்கூடாது, அது ஒன்றுதான் கவனம். தம்பி ஸ்காபரோ தமிழ்க் கடையில் கற்பூரம் வாங்கிக்கொண்டு சுடுதளத்துக்குப் போக, பக்கத்து மேசைக் கனேடியர்கள் வரிசையில் வந்து தங்களுடையதையும் பிடித்தார்களாம்.

25 யார்: தாளில் விழுகிறதா?

இங்கே நுட்பம் பார்க்கவேண்டாம். ரவை தாளில்தான் விழுகிறது என்று தெரிந்தால் போதும். மணல் மூட்டையை மேசையில் வைத்து அதன் மேல் முன்மரத்தை, மகசீனுக்குச் சற்று முன்னால் இருக்கும் இடத்தை, வையுங்கள். குழலை ஒருநாளும் மூட்டையில் வைக்கக்கூடாது, வைத்தால் சுடும்போது எகிறி மேலே போகும். ஒவ்வொரு முறையும் அதே இடம் மூட்டையில் படவேண்டும். மரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

மூன்று ரவை. 200 யாருக்குச் சரியாக இருக்கும் துவக்கு 25 இல் அரை அங்குலம் அளவு மேலே காட்டும், 300 துளையில் அதைவிடக் கொஞ்சம் கூட. நடுவுக்குப் பக்கத்தில் இருந்தால் சரி, அடுத்த தூரத்துக்குப் போங்கள். இந்தத் தூரத்தில் குறியைத் திருத்திக்கொண்டிருப்பது வேலையை இரட்டிப்பாக்கும்.

100 யார்: நேரம் முழுவதும் இங்கேதான் போகும், போகட்டும்

முதலில் கண். துளைப் பின்குறியில் துளையைப் பார்க்கக்கூடாது, அதற்குள்ளால் பார்க்கவேண்டும். வட்டம் மங்கலாக இருக்கட்டும், முன்குறியின் நுனி அதன் நடுவில் தானாக வந்து நிற்கும். கண்ணுக்கு முன்குறிதான் கூராகத் தெரியவேண்டும், இலக்கு மங்கினாலும் பரவாயில்லை. 'யு' வெட்டு என்றால் முன்குறியின் தலையும் வெட்டின் தோளும் ஒரே மட்டம், இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம். கறுப்பு வட்டத்தின் அடியில் முன்குறியைத் தொடவைப்பதா, நடுவில் வைப்பதா என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்து மாற்றாமல் பிடியுங்கள். எனக்கு அடியில் வைப்பதுதான் பிடிக்கும், கறுப்புக்கு மேல் கறுப்பு வைத்தால் நுனி தொலைந்துபோகிறது.

ஐந்து ரவை சுடுங்கள், அவசரமில்லாமல். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி அமத்துங்கள். லீ-என்ஃபீல்ட் ட்ரிகர் இரண்டு கட்டமாக வரும், முதற்கட்டத்தை எடுத்துவிட்டுக் காத்திருந்து இரண்டாவதை மெல்ல. பிறகு பத்து நிமிடம் போல்டைத் திறந்து வையுங்கள். குழலின் பெரும்பகுதி மரத்துக்குள் இருப்பதால் சூடு லேசில் ஆறாது, சூட்டோடு சுட்ட கூட்டு பொய் சொல்லும். இப்படி மூன்று தாள். ஒரு தாளைப் பார்த்துக் குறியை மாற்றக்கூடாது, மூன்றின் நடுவையும் அளந்து சராசரி எடுங்கள்.

இப்போது பக்கவாட்டைச் சரிசெய்வோம். நம்பர் 4 இல் இதற்கு முன்குறியைத்தான் நகர்த்தவேண்டும், பெரும்பாலானவர்கள் பிழைவிடுகிற இடமும் இதுதான். பின்குறியை ரவை போகவேண்டிய பக்கம் நகர்த்துவோம். முன்குறி அதற்கு மறுபக்கம்: ரவை எந்தப் பக்கம் தவறுகிறதோ அந்தப் பக்கமே முன்குறியைத் தள்ளவேண்டும். தம்பிக்கு ரவை மூன்று அங்குலம் இடப்பக்கம் விழுந்தது. அவன் என்னைக் கேட்காமல் முன்குறியை வலப்பக்கம் தட்டினான். அடுத்த படத்தில் ஆறு அங்குலம் இடப்பக்கம். "அண்ணா, குழல் வளைஞ்சிருக்கு" என்று எழுதினான். வளையவில்லை, கணக்குத்தான் தலைகீழ்.

எவ்வளவு தள்ளுவது? நம்பர் 4 இல் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 28.7 அங்குலம். அதன்படி முன்குறி 0.008 அங்குலம், அதாவது 0.2 மில்லிமீற்றர், நகர்ந்தால் 100 யாரில் ரவை ஓர் அங்குலம் நகரும். ஆறு அங்குலத்துக்கு 1.2 மில்லிமீற்றர். கண்ணால் மட்டிடாதீர்கள். முன்குறிக்கும் அதன் அடிக்கட்டைக்கும் குறுக்கே கூர்ப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அடிக்கட்டையில் சிறு திருகாணி இருந்தால் தளர்த்துங்கள். இதற்கென்றே திருகித் தள்ளும் கருவி உண்டு, கிடைத்தால் அதுதான் நல்லது. இல்லாவிட்டால் பித்தளைத் துண்டு வைத்துச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள், இரும்பால் தட்டக்கூடாது. கோடு எவ்வளவு பிரிந்தது என்று அளந்து, திருகாணியை இறுக்கிவிட்டு, மறுபடி ஐந்து ரவை.

உயரத்துக்கு முன்குறியின் பிளேட்டை, அதாவது நிமிர்ந்து நிற்கும் தகட்டை, மாற்றவேண்டும். அவை 0.015 அங்குலப் படியாக வரும், உடம்பில் எண் பொறித்திருக்கும். உயரமான பிளேட் போட்டால் ரவை கீழே இறங்கும். நம்பர் 4 இல் ஒரு படிக்கு 100 யாரில் 1.9 அங்குலம். எஸ்எம்எல்இ இல் இடைத்தூரம் 19.4 அங்குலம்தான், ஆகவே ஒரு படிக்கு 2.8 அங்குலம் வரும்.

இங்கே ஒரு தீர்மானம் எடுக்கவேண்டும். 100 யாரில் மட்டும்தான் சுடப்போகிறீர்கள், கையில் இருப்பது இரண்டு துளைப் பின்குறி என்றால், நான்கு படி உயரமான பிளேட் போட்டால் ஏழு அங்குலமும் இறங்கிவிடும், வேலை முடிந்தது. பல தூரம் சுடவேண்டும் என்றால் அப்படிச் செய்யாதீர்கள், ஏணிப் பின்குறி வாங்கிப் போடுங்கள். ஓர் ஊசியைக் கழற்றினால் மாற்றிவிடலாம், பழையதைப் பத்திரமாக எடுத்து வைக்கலாம், துவக்குக்கு ஒரு கீறலும் இல்லை. தம்பி மார்க் 1 திருகுப் பின்குறி தேடி வாங்கினான், விலை கொஞ்சம் அதிகம், ஆனால் சரியான செலவு. எதைச் செய்தாலும் அரம் எடுத்து பிளேட்டை ராவாதீர்கள், ராவியது திரும்பி வளராது.

ஏணியை 200 இல் வைத்து 100 யாரில் சுட்டால் ரவை ஏறக்குறைய மூன்று அங்குலம் மேலே இருக்கவேண்டும். அவனுக்கு ஐந்து மேலே. இரண்டு அங்குலம் கூட, ஆகவே ஒரு படி உயரமான பிளேட். அடுத்த மூன்று தாளிலும் மூன்று அங்குலத்துக்குக் கிட்டத்தட்டச் சரியாக உட்கார்ந்தது.

ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றலாம். பிளேட்டையும் மாற்றி, ரவையையும் மாற்றி, பிடிக்கும் இடத்தையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

200, 300 யார்: காற்று பேசத் தொடங்கும் இடம்

200 யாரில் ஏணி 200 இல், நேராகப் பிடித்துச் சுடுங்கள். ஓர் அங்குலம் அப்படி இப்படி இருந்தால் விட்டுவிடுங்கள், அது துவக்கின் கூட்டுக்குள் அடங்கும்.

300 க்குத் திருகை ஏற்றுங்கள். 200 இலேயே வைத்துச் சுட்டால் பத்துப் பதினொரு அங்குலம் கீழே விழும், அது உங்களுக்கு எவ்வளவு என்று ஒருமுறை சுட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்வதும் நல்லது. தம்பிக்கு 300 கோட்டில் வைத்தும் நான்கு அங்குலம் கீழே. மூன்று தாளிலும் அதே நான்கு என்றால் அது அவனுடைய துவக்கின் பதில். 300 க்கும் 350 க்கும் நடுக்கோட்டுக்குச் சற்று மேலே வைத்தான், சரியானது. திருகை ஒரு சொடுக்கு சுற்றினால் ரவை எவ்வளவு நகர்கிறது என்பதையும் தாளில் அளந்து எழுதச் சொன்னேன்.

காற்று. மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று மார்க் 7 ரவையை 100 யாரில் ஓர் அங்குலம், 200 இல் நான்கு, 300 இல் ஒன்பது அங்குலம் அளவு தள்ளும். ஒன்று, நான்கு, ஒன்பது, மனதில் வைப்பது சுலபம். காலி முகத்திடலில் பின்னேரம் பட்டம் சுலபமாக ஏறுகிற காற்று அவ்வளவு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிந்து வந்தால் பாதிக்கு மேல், நேரே முகத்தில் அடித்தால் பக்கவாட்டுக்குக் கவலை இல்லை. குறி சரிபார்க்கும் நாளில் காற்று பலமாக இருந்தால் 300 ஐ அன்றைக்கு விட்டுவிடுங்கள். காற்று தள்ளியதை முன்குறியால் திருத்திவிட்டு, அடுத்த கிழமை காற்றில்லாத நாளில் ரவை மறுபக்கம் போவதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

கொப்பி

ஒரு சின்னக் கொப்பி வையுங்கள், போனில் வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள். திகதி, ரவையின் பெட்டி இலக்கம், வெயிலா மப்பா, குளிரா, காற்று எந்தப் பக்கம், ஏணியின் இடம், ரவை விழுந்த இடம். தம்பியின் முதல் பக்கத்தில் இப்போது இருப்பது இவ்வளவுதான்: 100 என்றால் ஏணி 200, மூன்று அங்குலம் கீழே பிடி. 200 என்றால் 200. 300 என்றால் 330. அவனுடைய துவக்குக்கு அந்த ரவையோடு மட்டும் பொருந்தும் எண்கள் அவை, உங்களுக்கு வேறாக வரும். கார்த்திகையில் குளிர் வந்த பிறகு ஒருதரம் சுட்டான், எல்லாம் கொஞ்சம் கீழே இறங்கியது. குளிரில் வெடிமருந்தின் வேகம் குறையும். அதையும் வேறு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான்.

வீட்டுக்குப் போகமுன்

பழைய இராணுவ ரவையின் தொப்பியில் (ரவையின் அடியில் தீப்பற்றவைக்கும் சிறு மூடி) இருக்கும் உப்பு குழலுக்குள் படியும், எண்ணெய்க்கு அது கரையாது, தண்ணீருக்குத்தான் கரையும். அந்தக் காலத்தில் படையிலேயே கொதிநீர் ஊற்றுவதற்கென்று ஒரு புனல் கொடுத்திருந்தார்கள். போல்டைக் கழற்றி, ரவை போடும் பின்பக்கத்தால் கொதிக்கக் கொதிக்க ஒரு லீற்றர் ஊற்றுங்கள், மரத்தில் படாமல். சூட்டிலேயே குழல் தானாக உலர்ந்துவிடும். பிறகு உலர்ந்த துணி இரண்டு தரம், எண்ணெய்த் துணி ஒருதரம். போல்ட் தலையையும் துடையுங்கள். கொழும்புக் காற்றில் இதை ஒரு இரவு தள்ளிப்போட்டால் காலையில் துணி செம்மண் நிறத்தில் வரும். அடுத்தமுறை சுடுமுன் அந்த எண்ணெயை உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். எண்ணெய்க் குழலின் முதல் ரவை வேறிடம் போகும், அதைப் பார்த்துக் குறியை மாற்றவேண்டாம்.